மைனஸ் பத்தொன்பதில் ஒரு கடுகு மஞ்சள்

அக்டோபர் கடைசியில், டார்ட்டு நகரத்தில்,
மூன்றாம் மாடிக் கதவின் பின்னாலிருந்து
ஒரு சிறுமி கேட்டாள்: யாரும்மா?
யாருமில்லை, ஹீட்டர்காரர்.

ஐவார் மீட்டரைப் பார்த்தார், எண்ணைக் குறித்தார்.
இறங்கும்போது கீழ்த்தளக் கண்ணாடியில்
அந்த யாருமில்லை நின்றிருந்தது.
கம்பெனி கொடுத்த நீல ஜாக்கெட்,
முழங்கையில் ஒட்டுநாடா,
மச்சானுடைய பழைய கால்சட்டை.
மச்சானே இப்போது மச்சான் இல்லை;
விவாகரத்து உறவை எல்லாம் எடுத்துக்கொண்டு
கால்சட்டையை மட்டும் விட்டுவைத்தது.

ஊருக்கெல்லாம் சூடு கொண்டுபோகும் குழாய்களுக்கு
இருபத்தாறு வருடக் காவல்.
அந்தக் குழாய்க்குக்கூட
நாலு விரற்கடைப் பஞ்சு சுற்றி
மேலே தகரச் சட்டை போட்டிருக்கிறது.

ஆள் பாதி ஆடை பாதி என்பது
வெயில் ஊரின் கணக்கு.
எமாயோகி ஆறு உறைந்த பின்
ஆள் வீசம்,
மிச்சமெல்லாம் ஆடை.

சம்பளம் ஒரேயடியாக இடம் தராது.
அதனால் அடியிலிருந்து தொடங்கினார்:
நவம்பருக்கு நான்கு ஜோடி கம்பளிக் காலுறை,
இரண்டு மெரினோ உள்சட்டை.
யாரும் பார்க்காததுதான்
முதலில் நல்லதாக இருக்க வேண்டும்.
பருத்தி பனியன்கள் ஜன்னல் துடைக்கப் போயின.
வியர்வையைக் குடித்துவிட்டு
முதுகில் ஜில்லென்று ஒட்டிக்கொள்ளும் துரோகிகள்.
அப்புறம் கரிநிற ஃபிளானல் கால்சட்டை,
தனக்கென்று, தன் இடுப்பளவில்.

டிசம்பரில்தான் மேலங்கி.
சந்தைக்குப் பின்னால் பழைய துணிக்கடை.
ரேத் என்ற பெண், வாயில் ஊசி,
பேச்சு ஊசிக்கு இடையில்:
ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள், அதன் மேலேயே போடுங்கள்.
கையைத் தூக்குங்கள், பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல.
தோள் சரியென்றால் மற்றதை மன்னிக்கலாம்.

தோள் சரி.
பைன் மரத்தின் நிழல்போல ஒரு பச்சை.
முழங்காலுக்குக் கீழ்வரை கனம்.
உள்பையில் யாரோ மறந்த ஒரு வால்நட்;
அதை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார்.

சிக்கல் மஃப்ளரில் வந்தது.
கறுப்பு, சாம்பல், கறுப்பான சாம்பல்:
இந்த ஊர் ஆண்கள் குளிர்காலத்தை
மூன்று நிறத்தில் கடந்துவிடுவார்கள்.
அவர் கையில் இருந்ததோ கடுகு மஞ்சள்.
வைத்துவிட்டு வெளியே வந்தார்.
பாலம் வரை நடந்தார்.
ஐம்பத்தொரு வயதில் ஒரு நிறத்துக்காகப்
பாலத்தில் நின்றுகொண்டிருப்பது
அவருக்கே சிரிப்பாக இருந்தது.
திரும்பிப் போனபோது
ரேத் அதை ஏற்கனவே மடித்து வைத்திருந்தாள்.

சுற்றத் தெரியவில்லை.
முதல் முறை பல்வலிக்காரன்,
இரண்டாம் முறை பொட்டலம்,
ஏழாம் முறை
கண்ணாடியில் யாரோ ஒருவர்.

ஜனவரி. இரவு இரண்டு மணி. மைனஸ் பத்தொன்பது.
அன்னெலின் குடியிருப்பில் குழாய் வெடித்தது.
நீல ஜாக்கெட் வாஷிங் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்க,
பச்சை மேலங்கியோடு பள்ளத்தில் இறங்கினார்.
நீராவி, சேறு, டார்ச் வெளிச்சம்.
மேலே இருநூறு வீடு
போர்வைக்கு மேல் கோட்டு போட்டுக் காத்திருந்தது.
பள்ளத்தில் மஞ்சள் தெரிகிற இடமே ஐவார் என்று
மேலிருந்து விளக்குப் பிடித்தார்கள்.

விடியும்போது சூடு திரும்பியது.
டோனு குனிந்து பற்றவைத்த இடத்தைப் பார்த்தார்,
பிறகு சேறேறிய மேலங்கியை, மஃப்ளரை,
மறுபடி குழாயை.
பழுதில்லை, என்றார்.

அந்த ஊரில் புகழ்ச்சி
அதற்கு மேல் மாடி கட்டுவதில்லை.
எதைச் சொன்னாய் என்று
ஐவார் கேட்கவுமில்லை.

சேறு காயட்டும், அப்புறம்தான் பிரஷ்,
அதுவும் ரேத் சொன்னதே.
பால்கனியில் மாட்டிவிட்டு
காபியோடு உட்கார்ந்து காத்திருந்தார்.
வால்நட் பையில் பத்திரம்.
கையுறை மட்டும் இன்னும் கம்பெனியுடையது.
அது பிப்ரவரிக்கு.