முப்பத்தெட்டாவது

மருத்துவர் இரண்டு தேதி சொன்னார்:
இந்த மார்ச்,
அல்லது எலும்பு முற்றியபின் அடுத்த மார்ச்.
ஊவ்லா நாட்காட்டியைத் தொடவில்லை.

போன இலையுதிர்காலம் பட்டியில்
முப்பத்தேழு பனிமான் கிடாக்களுக்குக் காயடித்தவன்;
ஒன்றிடமும் வயது கேட்டதில்லை.
இதற்கு மட்டும் என்ன யோசனை என்றாள் பீரித்,
மீன் செதிலைச் சுரண்டியபடி.

ஒன்பது மாதம்.
நேற்றுத்தான் முதன்முதலாகக் காலைத் தூக்கியது,
ஸ்கூட்டரின் மூக்கில்.
பாதியில் தடுமாறிப் பனியில் சரிந்து,
யாராவது பார்த்தார்களா என்று திரும்பியது.

அவன் பார்த்திருந்தான்.

இரவு, இனாரி ஏரிக்கு அப்பால் ஏதோ ஒரு பெட்டை.
கதவைப் பிறாண்டுகிறது நாய்.
தாழ்ப்பாளைச் சரிபார்க்கப் போனவன்
தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்,
அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு.

"அடுத்த மார்ச்" என்றான் இருட்டிடம்.

பீரித் தூங்கியிருக்கவில்லை.
"அப்ப வேலிய நீதான் ஒசத்தணும்."