கூப்பிடு தூரம்

இந்த ஊரில் ரயில் தொங்கிக்கொண்டுதான் போகும்.
மேலே இரும்புப் பாதை, கீழே வூப்பர் ஆறு,
நடுவில் வெளிர்நீலப் பெட்டிகள்.
காலை ஏழு மணிக்கு நானும் அப்படித்தான்:
தூக்கியின் துணித்தொட்டிலில்,
கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு
ஒரு நிறுத்தம்.

தூக்கிவிட வருகிற எமீனே ஒன்பதுக்குப் போய்விடுவாள்.
இனி இரவு பதினொன்றுக்குத்தான்.
அதுவரை இந்த மூன்றாம் மாடி என்னுடையது.

"விழுந்தா ஆர் தூக்கிறது?"
ரெம்ஷைட்டிலிருந்து அம்மா, நாளுக்கு இரண்டு தரம்.
விழுவதற்கு முதலில் எழும்ப வேண்டுமே அம்மா
என்றால் அவவுக்குச் சிரிப்பு வராது.
"கூப்பிடு தூரத்திலயாவது ஒரு ஆள் வேணும்."

ஆள் இருக்கிறாள்.
பீலெஃபெல்ட்டில், நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்,
பன்னிரண்டு வீடுகளின் கதவும் அடுப்பும் கட்டிலும்
பச்சைப் புள்ளிகளாய் எரிகிற ஒரு மேசையில்.
பெயர் வீப்கெ.
சிவப்புப் பித்தானைக் கன்னத்தால் அழுத்தினால்
நாலு விநாடி.
பக்கத்து அறையிலிருந்த என் அண்ணன்
அதைவிட நேரமெடுப்பான்.

எந்த மொழியிலும் என் நாக்கில் வல்லினம் நிற்காது.
விளக்கை அணை என்று சொன்னால்
சுவரோரப் பேச்சுப்பெட்டி நாளைய மழையைச் சொல்லும்.
திரும்பச் சொன்னால் மன்னிப்புக் கேட்கும்.
என்ன பணிவு அந்தப் பெட்டிக்கு!
வீப்கெ முதல் வாரம் ஒவ்வொரு சொல்லையும் திரும்பக் கேட்டாள்,
இரண்டாம் வாரம் பாதியை.
பிறகு நான் மூச்சை இழுக்கும்போதே
கொரியர்க்காரனுக்குக் கதவு திறந்துகொண்டது.
அதற்கும் ஒருநாள் சண்டை பிடித்தேன்.
நான் சொல்லி முடிக்கட்டும்,
அவன் கொஞ்சம் நனைந்தால் நனையட்டும்.
அன்றிலிருந்து
முற்றுப்புள்ளி வரை காத்திருக்கிறாள்.

முதல் தாளிப்பு.
தாழ்ந்த அடுப்பில், நல்ல கையால்
எண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய்.
கூரையில் புகைமணி அலறிற்று.
நிரோஜினியைச் சுருக்கி வைத்திருந்தவள்
ஒலிபெருக்கியில் கத்தினாள்:
"நீரோ! நெருப்பா?"
ஜெர்மனில்தான் கேட்டாள். என் காதில் தமிழாய் விழுந்தது.
ஜெர்மன் சொல் அவசரத்துக்கு வரவில்லை.
கடுகு என்றேன்.
மூன்று எழுத்தும் வல்லினம்,
சொல்லி முடிப்பதற்குள் கருகிவிட்டது.
என் கோப்பில் இப்போது ஒரு வரி இருக்கிறது:
மாலை ஆறு மணிப் புகை என்றால் கடுகு.
தீயணைப்பைக் கூப்பிடாதே, முதலில் அவளைக் கேள்.

போன வியாழன்
சாம்பல் நிறப் பித்தானை அழுத்தினேன்.
கமெராவின் கண் மூடும், ஒலிவாங்கி செவிடாகும்.
ஏழு மாதமாய் அங்கேயே இருந்த பித்தான்.
தொட்டதில்லை.
கீழ்வீட்டு ஆர்னே சாப்பிட வந்தான்,
தொங்கும் ரயிலுக்குச் சக்கரம் பார்க்கிறவன்.
சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல்.
தூக்கியின் கொக்கியை அண்ணாந்து பார்த்து
எவ்வளவு எடை தாங்கும் என்று தொழில்முறையில் கேட்டான்.
என்னை இரண்டு தரம் தாங்கும் என்றேன்.

ஒன்பதே காலுக்குக் குப்பைப் பையோடு இறங்கினான்.
கதவு திறந்தே கிடந்தது.
பத்து நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் அழைக்க வேண்டும்:
ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கம்,
நானே கோணல் எழுத்தில் கையெழுத்திட்டது.
அங்கே ஒரு பச்சைப் புள்ளி மஞ்சளாகியிருக்கும்.
எட்டு. ஒன்பது.
படியில் அவனும் யாரோ கிழவரும் நாய்களைப் பற்றிப் பேசும் சத்தம்.
பதினொன்று.
ஒலிபெருக்கியில் ஒரு சின்ன டிக்.
விரலை வைத்து, எடுத்த சத்தம்.
அவ்வளவுதான்.

மேலே வந்தவன் கதவைச் சாத்தினான்.
திரும்ப ஒரு டிக்.
அது என்ன என்றான்.
சொல்லத் தொடங்கினேன்.
நீளமான விஷயம், வல்லினம் நிறைந்தது.
கத்தரிக்காய் ஆறியது.
முடிக்கும்வரை அவன் கரண்டியைத் தொடவில்லை.

மேசையில் ஃபோன் நடுங்கியது. ரெம்ஷைட்.
இன்றைக்கு மூன்றாம் தரம்.
அடிக்கட்டும்.