எத்தனாவது வளைவு

பெரியாஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆனபோது
ஒரு வெள்ளைச் சீட்டு கொடுத்தார்கள்.
காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை.
வியாழன் ஆறரைக்கு அஸ்தம்பட்டியில் கூட்டம்.
அடியில் நீல மையில் ஒரு செல் நம்பர்,
பக்கத்தில் பேர்: பச்சியண்ணன்.

சேகோ பேக்டரியில் மூட்டை தைக்கிறவன்.
என்னைவிட எட்டு வயது சின்னவன்.
விட்டு ஆறு வருஷம்.
அறிவுரை எதுவும் அவனிடம் கிடையாது,
ஒரே ஒரு கேள்விதான்:
"எத்தனாவது வளைவு?"

ஏற்காட்டிலிருந்து பஸ் இறங்கும்.
இருபதில் கை நடுங்காது.
பதினாறில் நாக்கு பழைய கதையை எடுக்கும்.
பதினொன்றில் சிக்னல் போய்விடும்,
நான் தனியாகப் பேசுவதைக்
கைப்பிடிச் சுவர்மேல் குரங்குகள் பார்த்திருக்கும்.
ஏழில் அவன் குரல் திரும்பி வரும்,
அறுந்த இடம் தெரியாமல்:
"...அதனால கெழங்கு வெல இந்த வருசம் ஒண்ணுமில்லைங்க."

ஒன்று தாண்டினால் அடிவாரம்.
அடிவாரத்தில் கடை.
கம்பி வலை, வலைக்குள் நுழையும் கைகள்.
"ஜன்னல்ல பாக்காதீங்க. சில்லறைய எண்ணுங்க."
எண்ணுவேன்.
இருபத்தேழு வியாழன் எண்ணியிருக்கிறேன்.

அடுத்த வியாழன் அவன் போனை எடுக்கவில்லை.
இருபது. பத்தொன்பது. பதினாறு.
அடித்து அடித்து ஓய்ந்தது.
ஏழில் சிக்னல் வந்தது, அவன் வரவில்லை.

இறங்கிவிட்டேன்.
கால் தானாக இறங்கியது என்று சொன்னால்
கூட்டத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எனக்கு முன்னால் ஆறு பேர்.
ஐந்து பேர்.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
அவன் எதுவும் கேட்கவில்லை. மூச்சு மட்டும்.
பின்னால் பாட்டில்கள் உரசும் சத்தம்,
எந்த ஊரிலும் ஒரே சத்தம்.

"சூரமங்கலத்துல நிக்கிறேன்."
"கடைக்கு எதிர்லயா?"
"வரிசையில."

இதற்கு என்ன சொல்வது என்று
சீட்டில் எழுதித் தரவில்லை.
வாயில் வந்ததைக் கேட்டேன்:
"எத்தனாவது வளைவு?"
"சூரமங்கலத்துல ஏதுங்க வளைவு?"
சிரித்தானா அழுதானா, தெரியவில்லை.

"எனக்கு முன்னால நாலு பேர்."
"எனக்கு மூணு."
"நீங்க வெலகினா நானும் வெலகறேன்."
"நீ மொதல்ல."
பின்னால் நின்றவன் முதுகில் இடித்தான்:
"வாங்கறதுன்னா வாங்குய்யா,
போன்ல குடும்பம் நடத்தாத."

விலகினேன்.
அவன் விலகினானா என்று எனக்கு எப்படித் தெரியும்?
பாட்டில் சத்தம் மங்கியது,
ஏதோ ரயில் கூவியது.
அதை நம்பினேன்.

மதியம் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.
அவன் கிழங்கு விலை சொன்னான்.
நான் காப்பித் தோட்டத்தில்
மோட்டார் புகைந்ததைச் சொன்னேன்.
பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியது,
முதலில் அங்கே,
கொஞ்சம் பொறுத்து இங்கே.

அஸ்தம்பட்டியில் அன்று இரண்டு நாற்காலி காலி.
ஸ்டெல்லா மேடம் நோட்டில்
எங்கள் பெயர்களுக்கு நேராகச்
சிவப்பு மையில் 'வரவில்லை'.
மாற்ற வேண்டாம் என்று பிறகு சொல்லிவிட்டோம்.

மேலே போகிற பஸ் போயிருந்தது.
தள்ளுவண்டியில் கடைசித் தட்டுவடை செட்.
எண்ணாத சில்லறையில் சரியாக இருந்தது.
காரம்.
கண்ணில் தண்ணீர் வந்ததற்கு
அதையே காரணம் சொன்னேன்,
வண்டிக்காரன் கேட்காமலேயே.