எடைமேடை ரெஜினா குதிரை

நாற்பதாயிரம் என்றார் தாவூது பாய்.
துண்டுக்கடியில் என் விரலைப் பிடிக்கக் கூச்சப்பட்டு
வாயாலேயே சொன்னார்.
அதனால் சந்தையே கேட்டது, சந்தையே சிரித்தது.

பந்தயக் குதிரை இந்த விலைக்கு வருமா?
வரும். நெற்றியில் ஒன்றின்மேல் ஒன்றாய்
இரண்டு சுழி இருந்தால் வரும்.
வாங்குகிறவர் வீட்டை விழுங்குமாம்.
நான் இருப்பது வாடகை வீடு.
வாங்கிவிட்டேன்.

சீட்டெடுத்த காசு, தோட்டுக்கென்று கட்டியது.
காதில் வேப்பங்குச்சியே கிடக்கட்டும்.

புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு நடுவே
லாரி நிறுக்கும் மேடையில் பதினோரு வருசம்.
பாரத்தோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை,
கழித்தால் மிஞ்சுவது நெல்.
அன்றிரவு குதிரையை மேடையில் நிறுத்தினேன்.
அந்த எந்திரத்துக்குப் பத்துப் பத்தாய்த்தான் எண்ணத் தெரியும்.
இருநூற்றிருபது.
ரசீது அடித்தபோது, வண்டி எண் என்ற இடத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல்
நாலு கால் என்று போட்டேன்.

கொள்ளு, தவிடு, லாடம், ஊசி,
சாரதி சேவுகனுக்குச் சம்பளம், வண்டிக்கு முன்பணம்.
வாங்கியதுதான் மலிவு.
இதை ஒருவரும் துண்டுக்கடியில்கூடச் சொல்லவில்லை.
ஒரு மாதத்தில் அது முப்பது கிலோ ஏறியது.
நான் இறங்கியது பத்துக்குள்;
மேடைக்குத் தெரியாது.

மாசியில், கண்டனூர் சாலை.
நோட்டீஸ் முழுக்க இன்னார் மகன், இன்னார் பேரன், இன்னார் நினைவாக.
மைக்காரர் என் வரியில் ஒரு கணம் திணறி
"புதுவயல்... எடைமேடை... ரெஜினா" என்றார்.
என் வயிற்றுக்குள் ஏதோ குளம்பு தட்டியது.

பதினாலு வண்டி. கொடியைச் சுற்றித் திரும்புகையில்
நாலாவது, சத்தியமாய் நாலாவது.
மூன்றாவதன் சக்கரத்தை மூக்கால் முகர்ந்தது.
அப்போது எல்லையில் கொட்டு முழங்கிற்று.

காதை நிமிர்த்தி, கழுத்தை வளைத்து,
அடியளந்து அடியளந்து
நடக்கத் தொடங்கியது என் குதிரை.
சேவுகன் கத்தினான், கயிற்றைச் சொடுக்கினான்.
அது யாரையோ சுமந்துகொண்டிருந்தது.
பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ
எத்தனை மாப்பிள்ளை அழைப்போ,
மேளம் கேட்டால் ஓடக்கூடாதென்று
யாரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.
சுழி இல்லை பாய்,
சொல்லாமல் விட்டது வேறு.

பின்னால் வந்த பத்தும் தாண்டிப் போயின.
கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது.
ஒருத்தர் பூ எறிந்தார், கேலிக்குத்தான்.
பொண்ணு எங்கே என்றார் இன்னொருத்தர்.
எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை
அங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.
இறங்கிப் போய்க் கடிவாளம் பிடித்தேன்.
எல்லைவரை கூடவே நடந்தேன்,
அதன் நடையில்.

இன்று காலை ஒருவர் வந்தார்,
வைகாசி முகூர்த்தத்துக்கு வாடகைக்குக் கேட்டு.
நல்ல தொகை. மேடையில் லாரி நிற்கிறது,
அப்புறம் பாருங்கள் என்றேன்.
பஞ்சு வாங்க வேண்டும், காதுக்கு.
அதன் காதுக்கு.
சித்திரையில் அரியக்குடியில் பந்தயம்.