ஐஸ் அறையில் ஒரு ரியூப்

குளிருக்குப் பழகக் குளிர் வேண்டும்.
திருகோணமலையில் அதை
நிறுத்துத்தான் விற்கிறார்கள்.

கொட்பே துறைமுகத்தடியில்
ஐஸ் தொழிற்சாலைக்குப் பில் எழுதுகிறவள் நான்.
மார்கழியில் எங்களுக்கு மழை உண்டு, வாடை உண்டு,
உப்புவெளிக் கடல் கறுத்துக் குமுறும்,
கொடியில் போட்ட துவாய் மூன்று நாள் மணக்கும்.
ஆனாலும் அதைக் குளிர் என்று
நுவரெலியாவில் ஒருவரிடமும் சொல்ல ஏலாது.

தை இரண்டாம் வெள்ளி வெளிக்கிடுகிறோம்,
நானும் றிபாயாவும்.
கந்தளாய், ஹபரணை, மாத்தளை,
கண்டியில் ஓர் இரவு,
பிறகு ரம்பொடை வளைவுகள்.
இருநூற்றைம்பது கிலோமீற்றர்.
கடைசி எழுபதுதான்
நித்திரையில் வந்து வந்து போகிறது.

"மத்தியானம் அரை மணித்தியாலம்
அறையைத் தருவியா?"
பொனிப்பாஸ் பார்த்தான்.
"அது மீனுக்கு."
"நானும் மீன் லொறி போற வழிதான் போறன்."
திறப்பைத் தந்தான்.
உள்ளிருந்து கதவைத் திறப்பது எப்படி என்று
மூன்று தரம் என்னையே செய்யவைத்த பிறகு.

முதல் நாள்
பின்சில்லைக் கழற்றித் தோளில் கொண்டுபோனேன்.
நெம்பி இரண்டு, பம்ப், புது ரியூப்.
கையுறையோடு வால்வைப் பிடிக்க முடியவில்லை.
கழற்றினால்
விரல் இருப்பதே தெரியவில்லை.
பெட்டிப் பாரைகள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க
நாற்பத்தொரு நிமிஷம்.
காற்றடித்தபோது ரியூப் சீறியது.
நெம்பி கடித்திருக்கிறது.

றிபாயா இதற்கெல்லாம் சிரிப்பாள்.
தபால் கந்தோரில் பத்து வருஷம்,
அவளுக்கு எல்லாமே கட்டுகிற விஷயம்.
ஏறும்போது குளிராது,
உடம்பே அடுப்பு;
இறங்கும்போதுதான்
வேர்த்த சட்டைக்குள் காற்று புகும் என்கிறாள்.
"உச்சியில நிண்டு நெஞ்சுக்குப் பேப்பர் வை.
ஞாயிற்றுப் பேப்பர்தான் தடிப்பு.
மணமகள் தேவைப் பக்கமாப் பாத்து எடு,
இவ்வளவு காலம் அது உனக்கு
ஒண்டுக்கும் உதவேல்லைத்தானே."
காலுறைக்கு மேலே பாண் பை,
அதற்கு மேலே சப்பாத்து.
கொட்டை எடுத்த பேரீச்சம்பழம்,
பல்லுக்கு எட்டுகிற பொக்கற்றில்.
பசிக்க முன்னம் தின்,
குளிர முன்னம் போடு.
இதை மட்டும் அவள் சிரிக்காமல் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அறையால் வந்து
அப்படியே கன்னியாவுக்கு உழக்கினோம்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
வாளியை ஊற்றியபோது
விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன,
ஒவ்வொன்றும் ஊசியோடு.
உறைகிறபோது இவ்வளவு நோகவில்லை.
பக்கத்தில் குளித்த பொடியன் கேட்டான்,
"அன்ரி, ஏன் அழுறீங்கள்?"
சோப்பு என்றேன்.

ஒன்பதாம் தரம், பதினான்கு நிமிஷம்.
கையுறைக்குள்ளே பாத்திரம் கழுவும் ரப்பர் உறை,
வால்வு மூடியில் சுற்றிய ரப்பர் வளையம்;
அவ்வளவுதான் சூட்சுமம்.
பொனிப்பாஸ் என் பில் புத்தகத்திலேயே
எழுதி வைத்திருந்தான்:
சில்லு ஒன்று. பழுது இல்லை.
தொகை போடவில்லை.

இப்போது மழை.
சங்கிலிக்குத் தடித்த எண்ணெய் விட்டாயிற்று,
ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கியாயிற்று.
பிரேக் கட்டை புதுசு, இன்னும் கீச்சிடுகிறது.
முன் லைற்றை எரியவிட்டுச் சுவரைப் பார்க்கிறேன்.
ஏன் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள்,
நல்ல பதில் ஒன்றும் வரவில்லை.

லொறிக்காரர் ஒருவர் சொன்னார்,
அம்பேவெலப் பக்கம் தை மாசத்தில்
சில விடியல்களில்
புல்லுக்கு மேலே ஐஸ் கிடக்குமாம்.
சும்மா.
ஒருவரும் பில் எழுதாமல்.

தொட்டுப் பார்க்க
ஒரு கையுறையாவது கழற்ற வேண்டும்.
எந்தக் கை என்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.