இரண்டு குப்பி

மேலப்பாளையத்தில் என் மேசைமேல் இரண்டு குப்பி.
ஒன்றுக்கு முன்னால் நீல அமிலம் வேண்டும்.
பதினைந்து வினாடி வைத்து, கழுவி,
முழுக்கக் காயவிடாமல்
பஞ்சால் ஒற்றியெடுக்க வேண்டும்.
காய்ந்தால் பல்லின் உள்நார்கள் படுத்துவிடும்,
தண்ணீர் நின்றால் பசை பிடிக்காது.
மடை அடைத்த மறுநாள்
வயலில் கால் வைத்தால் தெரியுமே,
அந்தப் பதம்.

மற்றது தானே அரிக்கும், தானே ஒட்டும்.
தேய்த்து, ஊதி, விளக்கைக் காட்டினால் போதும்.
"கூச்சமே இருக்காது டாக்டர்" என்கிறான்
மதுரையிலிருந்து வரும் விற்பனைப் பையன்.
முதல் குப்பியை விற்றபோதும்
அவனேதான் வந்தான்.

செய்யதலி பாத்துவின் முன்பல்லில் ஒரு வெட்டு.
நாளைக்கு எண்ணூறு பீடி.
கட்டி முடித்த நூலைப் பல்லால் அறுத்து அறுத்து விழுந்தது.
நூல் நுழைகிற அகலம்தான்,
தண்ணீர் பட்டால் உச்சிவரை சுள்ளென்கிறது.

ஐப்பசியில் முதல் குப்பி.
மழைநாள், கரண்ட் போய்ப் போய் வந்தது.
கொஞ்சம் கூடுதலாக ஊதிவிட்டேனோ என்னவோ,
ராத்திரி முழுக்கக் கூசியதாம்.
தையில் அதைச் சோற்றோடு விழுங்கிவிட்டாள்.

மாசியில் இரண்டாவது.
கூச்சம் இல்லை, பையன் பொய் சொல்லவில்லை.
ஆனியில் எனாமல் ஓரம் ஒரு பழுப்புக் கோடு.
கம்பி முனையால் தொட்டேன்,
ஆடியது.

கம்பெனித் தாளில் மெகாபாஸ்கல் கணக்கு இருக்கிறது.
பிடுங்கிய பல்லை இயந்திரத்தில் பூட்டி
பெயரும்வரை அமுக்கி எடுத்த எண்.
அந்தப் பல்லுக்கு யாரும்
இலை நிறுத்துக் கொடுப்பதில்லை.
சாயங்காலம் கட்டு குறைந்தால்
யாரும் ஏசுவதில்லை.

"நாங்க லேபிள் ஒட்டுத மைதாப் பசையே
தேவல போலிருக்கே"
பஞ்சு வைத்த வாயோடு சிரித்தாள்.
நான் காசு கேட்கவில்லை.
கேட்காததைக் கவனிக்காத மாதிரி
அவளும் இருந்துகொண்டாள்.

மூன்றாம் தடவை இரண்டையும் சேர்த்தேன்.
விளிம்பு எனாமலுக்கு மட்டும் அமிலம், ஒரு மயிரிழை.
உள்ளே, நரம்பின் பக்கம், சாதுவான குப்பி.
ஓரத்தில் கண்டிப்பு, நடுவில் தாட்சண்யம்.
அவள் உதட்டுக்குள் நீல வெளிச்சம்
இருபது எண்ணும்வரை எரிந்தது.

"இனி நூலைக் கடிக்கக் கூடாது."
"சரி."
"கத்தரி வச்சுக்கிடுங்க."
"கத்தரிய எடுத்து வைக்கதுக்குள்ள
நாலு பீடி போயிருமே டாக்டரம்மா."

பதினோரு மாதம் கழித்து இன்று வந்திருக்கிறாள்.
நான் நிரப்பியது அப்படியே நிற்கிறது.
எது அவளுடையது, எது என்னுடையது என்று
விளக்கடியில்தான் பிரித்துப் பார்க்க முடிகிறது.
உடைந்திருப்பது அதை ஒட்டி இருந்த
அவளுடைய சொந்தப் பல்.

பசை தோற்கவில்லை என்று
நோட்டில் எழுத வேண்டிய நாள்.
பேனாவைத் தேடுகிறேன்.

"இப்பம் பக்கத்துப் பல்லால கடிக்கேன்,
அது நல்லாத்தான் இருக்கு"
என்கிறாள்.