கைப்பிடிக்கு அறுபத்தொன்று

கேள்வி சின்னதுதான்:
கைப்பிடி வைத்த கோப்பையா, நெட்டைக் கண்ணாடியா?
டாட்மர்டனில், கால்வாயோர பப்பில்,
வில்ஃப்ரெட் இரண்டு ஊறுகாய் ஜாடிகளைக் கழுவி வைத்தான்.
பாட்டில் மூடிதான் ஓட்டுச் சீட்டு.

அன்றைக்கு அடைமழை. ஹாலிஃபாக்ஸ் பஸ் வரவில்லை.
வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்,
நாயைச் சேர்க்காமல்.
எண்ணினால் எண்பத்து மூன்று மூடி,
ஒரு சட்டைப் பொத்தான்,
நடுவில் ஓட்டை போட்ட ஒரு டென்மார்க் காசு.

கைப்பிடிக்கு அறுபத்தொன்று.
நெட்டைக்கு இருபத்திரண்டு,
டெபாசிட் மட்டும் தப்பியது.

இப்போது ஒத்துக்கொள்கிறேன்,
அதில் நான்கு என்னுடையவை.
இரண்டு, கொள்கைக்காக.
ஒன்று, மூடி கையில் இருந்ததற்காக.
நான்காவது எந்த ஜாடியில் விழுந்ததென்று
சத்தியமாக எனக்குத் தெரியாது.

கைப்பிடி ஜாடி இருந்தது கல்லாவுக்குப் பக்கத்தில்,
சில்லறை வாங்கும் கை தானாகத் திரும்பும் இடத்தில்.
நெட்டை ஜாடி கழிப்பறைக் கதவோரம்.
உள்ளே போகிறவனுக்கு வேறு அவசரம்,
வெளியே வருகிறவனுக்குக் கை ஈரம்.

பெரில் பாட்டிலோடு குடிப்பவள்.
மூன்றாவது ஜாடி எங்கே என்றாள். பதில் இல்லை.
டெஸ்மண்டுக்கு ஒயின்தான்.
"எனக்கென்ன வந்தது" என்றபடி ஆறு மூடி போட்டான்,
விழுகிற சத்தம் பிடித்திருந்ததாம்.
இரவு வேலைக்குப் போகிற ரொட்டி ஆலை ஆட்கள்
மூலையில் இருந்தார்கள்.
யாரும் கேட்கவில்லை.
அவர்களும் சொல்லவில்லை.
ஒன்பது மணிக்கு எழுந்து போய்விட்டார்கள்.

"மக்கள் தீர்ப்பு" என்றான் வில்ஃப்ரெட்.
எண்களைச் சட்டம் போட்டுச் சுவரில் அடித்தான்.
ஆறு டஜன் வந்து இறங்கியது,
உடம்பெல்லாம் குழி விழுந்த தடித்த கண்ணாடி,
காலியாகவே ஒரு பீரின் கனம்.

அடுத்த செவ்வாய், செய்ய வேலையில்லாமல்
நான் முகங்களை விட்டுக் கைகளைப் பார்த்தேன்.

ஒருவர்கூடக் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.
வளையத்துக்குள் விரல்களை நுழைத்து
கோப்பையின் வயிற்றை வளைத்துப் பிடித்திருந்தார்கள்,
நெட்டையைப் பிடிப்பது மாதிரியே.
கைப்பிடி புறங்கைமேல் சும்மா நின்றது,
கேட்காத காது போல.

பெரில் மட்டும் சரியாகப் பிடித்திருந்தாள்,
வளையத்தில் இரண்டு விரல் கோத்து.
கோப்பைக்குள் அவள் கார்ச்சாவி.

வில்ஃப்ரெட்டிடம் சொல்லலாமா என்று
என் கோப்பையை எடுத்தேன்.
என் கையும் வயிற்றைத்தான் பிடித்திருந்தது.

சொல்லவில்லை.
வெளியே வந்து தீப்பெட்டிக்காகக் கோட்டுப் பையைத் துழாவினேன்.
ஒரு மூடி அகப்பட்டது.
ஐந்தாவது.